கடலுக்கு மட்டுந்தானா வரம்பு?

கடலுக்குக் கதவு உண்டா? கதவு இருந்தால் அதற்குப் பூட்டு உண்டா? பூட்டத்தான் முடியுமா? கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் தோழர்களே, அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையோரத்தில் கடலைப் பூட்டுகிறார்கள். பூட்டிய கடலைத் திறக்கிறார்கள். திறந்ததை மீண்டும் பூட்டுகிறார்கள். வரைபடத்தில் கோடு கிழித்து, இந்தக் கட்டம் இந்த ஆண்டு மூடல், அந்தக் கட்டம் திறப்பு, இன்ன கப்பலுக்கு இத்தனை நாள், இத்தனை எடை என்று விதி எழுதுகிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் நாள் அங்கே புதுக்கணக்கு தொடங்குகிறது. கோட்டைத் தாண்டிய கப்பலை வானத்துச் செயற்கைக்கோள் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இத்தனையும் எதற்காக? திமிங்கிலத்துக்காகவா? அல்ல. உள்ளங்கை அளவுள்ள ஒரு சிப்பிக்காக!

இந்த ஏற்பாட்டை நாம் பாராட்டுகிறோம். மனமாரப் பாராட்டுகிறோம். பாராட்டிய கையோடு ஒரு கேள்வியும் கேட்கிறோம். சிப்பிக்கு வரம்பு வகுத்தீர்கள், சரி. சிப்பி பிடிக்கும் தொழிலாளி கடலில் இருக்கும் நாளுக்கு வரம்பு வகுத்தீர்கள், அதுவும் சரி. சிப்பியைக் காட்டிப் பணம் குவிக்கும் சீமானின் ஆசைக்கு வரம்பு எங்கே? இருக்கின்ற ஒன்றிரண்டு வரம்பையும் தளர்த்துங்கள் என்று 2022-ஆம் ஆண்டு ஒரு குரல் எழும்பிற்றே, அது யாருடைய குரல்?

அமெரிக்கச் சிப்பிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் என்ன உறவு என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். கேட்கட்டும். சிப்பியோடு நமக்கு உறவில்லை. சிப்பியை அறுக்கும் கையோடு உறவு உண்டு. அந்தக் கை எந்த நாட்டுக் கையாக இருந்தால் என்ன? உழைக்கும் கை! பொதுச் சொத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வகுக்கப்படும் சட்டம், காப்பாற்றிய பிறகு அந்தச் சொத்தை யார் கையில் கொண்டுபோய் வைக்கிறது என்பதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால், காட்டுக்கும் அதுதான் பாடம், ஆற்று மணலுக்கும் அதுதான் பாடம்.

முதலில் சிப்பியைப் பார்ப்போம். ஸ்காலப் என்பது அங்கே அதன் பெயர். ஷெல் கம்பெனியின் பெட்ரோல் பங்குகளில், விசிறி விரித்தாற்போல மஞ்சள் நிறத்தில் ஒரு சிப்பி அடையாளம் பார்த்திருப்பீர்களே, அந்த இனம். நாம் விசிறிச் சிப்பி என்றே அழைப்போம். ஓட்டின் ஓரம் நெடுக வரிசை வரிசையாகக் கண்கள். ஓடுகளைக் கைத்தாளம்போலத் தட்டித் தட்டிச் சிறிது தூரம் நீந்தும். ஆனால் மீனைப்போல நெடுந்தூரம் ஓடிவிடாது. ஓட்டைத் திறந்து மூடும் வெண்ணிறத் தசை ஒன்று உள்ளே இருக்கிறது. அந்தத் தசைதான் விலைக்குப் போவது. அமெரிக்கச் சந்தையில் சிப்பி இறைச்சி என்றால் அதுதான்.

20 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் அதன் தசை ஏறத்தாழ நான்கு மடங்கு பெருகுகிறது. இந்தக் கணக்கை மனத்தில் ஆணி அடித்து வையுங்கள். மூன்று வயதில் பிடித்தால் ஒரு பங்கு; இரண்டே ஆண்டு பொறுத்தால் நான்கு பங்கு. அள்ளிக் குவிப்பவன் அறிவாளியா, ஆண்டு இரண்டு பொறுப்பவன் அறிவாளியா? கணக்குத் தெரிந்த எவரும் பொறுப்பவன் பக்கம்தான் நிற்பர். ஆனால் கடலில் பொறுப்பது எளிதா? நான் பொறுத்தால் அடுத்த கப்பல்காரன் அள்ளிவிடுவானே! அவன் அள்ளுமுன் நான் அள்ளவேண்டுமே! விதைநெல்லைக் குத்தித் தின்னும் வேலை அங்கேதான் தொடங்கிற்று.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்போர்டு என்று ஒரு துறைமுகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்குத் தலைநகரமாக விளங்கிய ஊர். ஊர் ஊராக விளக்கெரிய எண்ணெய் அனுப்பிய ஊர். திமிங்கிலத் தொழில் மங்கியது. ஆலைகள் வந்தன, அவையும் சாய்ந்தன. மீனும் சிப்பியும் மிஞ்சின. அந்த ஊர்க் கப்பல்கள் போகும் பெருங்களம் ஜார்ஜஸ் பாங்க். முத்துக் கடலோரத்து மக்கள் 'பார்' என்பார்களே, அப்படிப்பட்ட கடலடி மேடு. ஆனால் அளவிலே மிகப் பெரிது.

1976-ஆம் ஆண்டு அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. கரையிலிருந்து 200 மைல் வரை மீன்வளம் எமக்கே என்றது. அயல்நாட்டுக் கப்பல்கள் வெளியேறின. வெளியேறியதும் வெற்றி முழக்கம்! உள்நாட்டார் புதுப்புதுக் கப்பல்களை இறக்கினர். அயலான் அள்ளியதை இப்போது அண்டை வீட்டான் அள்ளினான். 1982-ல் சிப்பிக்கென ஒரு திட்டம் வகுத்தனர். ஒரு ராத்தல் எடைக்கு இத்தனைத் துண்டுக்கு மேல் இருக்கலாகாது, அதாவது சின்னச் சிப்பியைக் கொண்டுவராதே என்பது அதன் சாரம். சட்டம் கரையில் நின்றது. வாரி கடலடியில் ஓடிற்று. பெரிய தசையோடு சின்னத் தசையைக் கலந்து சராசரியைச் சரிக்கட்ட வழியா இல்லை? பெரிய சிப்பிகள் அருகின. ஆண்டு தவறாமல் அரும்பையே பறிக்கும் நிலை வந்தது.

1994-ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, சிப்பிக் கப்பல்களுக்கு உரிமத்தின் எண்ணிக்கையை வரையறுத்து, முழுநேரக் கப்பல் ஒன்றுக்கு ஆண்டுக்கு 204 நாள் என்று கட்டினர். சில ஆண்டுகளிலேயே அதை 120 ஆகக் குறைத்தனர். இரண்டாவது, அதே ஆண்டு டிசம்பரில், ஜார்ஜஸ் பாங்க் பகுதியில் மூன்று பெரும் பரப்புகளை மூடினர். எல்லாம் சேர்ந்து சுமார் 17,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுப் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு!

இங்கேதான் வேடிக்கை. அந்தப் பூட்டு சிப்பிக்காகப் போடப்பட்ட பூட்டல்ல. காட், ஹாடக் போன்ற மீன்கள் அருகிப்போயின. அவற்றைக் காக்கவே பூட்டினர். சிப்பி வாரும் கப்பலிலும் அந்த மீன்கள் சிக்குமே என்று சிப்பிக் கப்பலையும் வெளியே நிறுத்தினர். சிப்பிக்காரர்கள் சீறினர். பிழைப்பில் மண் விழுந்தது என்று பொருமினர். பொருமியதில் நியாயமும் இருந்தது. வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே!

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1998-ல் அறிவியலார் உள்ளே சென்று அளந்தனர். பிடிக்கத் தகுந்த பருமனுள்ள சிப்பி, மூடிய பரப்பில், பக்கத்துத் திறந்த பரப்பைக் காட்டிலும் 14 மடங்கு அடர்த்தியாகக் கிடந்தது! இரண்டு மடங்கல்ல, மூன்று மடங்கல்ல, 14 மடங்கு! மீனுக்கு வைத்த வேலி சிப்பிக்கு வாழ்வளித்தது. யாரும் எதிர்பாராத விளைச்சல்.

அடுத்த ஆண்டு, 1999-ல், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் ஸ்டோக்ஸ்பரி என்ற அறிவியலார் ஒரு வேலை செய்தார். எஃகினால் கூம்புபோன்ற ஒரு சட்டம். அதில் விளக்கும் படக்கருவியும். அதைக் கடலடியில் இறக்கி, படமெடுத்து, சிப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணுவது. இதற்குக் கப்பலையும் ஆளையும் கொடுத்தவர்கள் மீனவர்களே. ஏட்டறிவு ஒரு பக்கம், கடலறிவு ஒரு பக்கம், இரண்டும் கைகோத்தன. அந்த ஆண்டே மூடிய பரப்பில் ஒரு பகுதியை அளவோடு திறந்தனர். மஞ்சள்வால் என்னும் தட்டை மீன் கூடவே சிக்குவதற்கும் ஒரு வரம்பு வைத்துத்தான் திறந்தனர்.

தற்செயலாகக் கற்ற பாடத்தை 2004-ல் சட்டமாக்கினர். அதுதான் பகுதிச் சுழற்சி. அதன் சூத்திரம் மிக எளிது. ஒரு பரப்பில் இளஞ்சிப்பி நிறைந்து கிடக்கிறது. பிடிக்காமல் விட்டால் ஓராண்டில் அங்குள்ள சிப்பியின் எடை 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறும் என்று தெரிந்தால், மூடு. வளர்ச்சி மட்டுப்பட்டு 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், திற. வட்டி ஏறும்வரை பணத்தை எடுக்காதே, வட்டி குறைந்தால் எடு என்று சீட்டுப் பிடித்துச் சேமிக்கும் நம் வீட்டுத் தாய்மார்கள் அறிந்த கணக்குத்தானே இது! அத்தோடு வாரியின் இரும்பு வளையத்தை 4 அங்குலமாக அகலப்படுத்தினர். சின்னச் சிப்பி நழுவிக் கடலுக்கே போகட்டும் என்பதற்காக.

யானைத் துதிக்கை என்று பெயர் பெற்ற ஒரு பரப்பு, அமெரிக்காவின் நடுக்கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது. அங்கே இளஞ்சிப்பி மண்டிக் கிடந்ததைக் கண்டு 2004-ல் மூடினர், 2007-ல் திறந்தனர், கப்பல்கள் நிறைந்து திரும்பின. பொறுத்ததன் பலன் மொத்தக் கணக்கிலும் தெரிந்தது. 1998-ல் நாடு முழுதும் கரைசேர்ந்த சிப்பித் தசை சுமார் 1 கோடியே 20 லட்சம் ராத்தல். 2004-ல் சுமார் 6 கோடியே 40 லட்சம் ராத்தல். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மடங்கு ஏற்றம்! குறைவாகப் பிடிக்கக் கற்றவர்கள் நிறையப் பிடித்தனர்.

2011 முதல் இதற்கு மேல் ஓர் உச்சவரம்பும் வந்தது. ஆண்டுப் பிடி வரம்பு என்பது அது. ஆண்டுதோறும் கடலடியை வாரியும் படமெடுத்தும் அளக்கின்றனர். இதைத் தாண்டினால் வளம் தேயும் என்ற அளவை அறிவியலார் குறிக்கின்றனர். அதற்குக் கீழே, கணக்குப் பிழைக்கு இடம்விட்டு, வரம்பு வைக்கின்றனர். அந்த வரம்பிலிருந்து ஆராய்ச்சிக்கென்று 12 லட்சத்து 50 ஆயிரம் ராத்தலை முதலில் எடுத்து வைக்கின்றனர். அளக்கும் செலவைச் சிப்பியே சுமக்கிறது. கப்பலில் உடன் செல்லும் பார்வையாளர் செலவுக்கு ஒரு விழுக்காடு. மிஞ்சியதைத்தான் கப்பல்களுக்குப் பங்கிடுகின்றனர். 2024-ஆம் ஆண்டு முழுநேரக் கப்பல் ஒன்றுக்குக் கிடைத்த பங்கு, திறந்த கடலில் 20 நாள், சுழற்சிப் பரப்புகளில் 24,000 ராத்தல். 204 நாள் எங்கே, 20 நாள் எங்கே!

இன்னொரு விதி உண்டு. அதுதான் நம் நெஞ்சைத் தொட்ட விதி. கப்பலில் எழுவருக்குமேல் ஆள் இருக்கலாகாது என்பது அது. ஏன் ஏழு? சிப்பியைக் கப்பலிலேயே, கத்தி கொண்டு, கையால் அறுத்துத் தசையை எடுக்கவேண்டும். சின்னச் சிப்பியை அறுக்கவும் கத்தி ஒரு முறை ஓடவேண்டும், பெரிய சிப்பியை அறுக்கவும் ஒரு முறை ஓடவேண்டும். ஏழு பேரின் கைகள் ஒரு நாளில் அறுக்கக்கூடியது இவ்வளவுதான் என்றால், எந்தக் கேப்டனும் பெரிய சிப்பியையே தேடுவான், சின்னதை விட்டுவிடுவான். வலையல்ல, பொறியல்ல, தொழிலாளியின் கைதான் அங்கே கடலுக்கு வேலி! உப்புநீரில் ஊறி, குளிரில் விறைத்து, முதுகு ஒடியக் குனிந்து நிற்கும் அந்தக் கைகளை நம்பித்தான் அந்தச் சட்டமே நிற்கிறது.

இந்த முறை உலகுக்குப் புதியதா? மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களைக் கேளுங்கள், சொல்லும். பார் பாராகச் சென்று முக்குளித்துப் பார்த்து, சிப்பி முற்றியதா என்று சோதித்து, முற்றிய பாரை மட்டும் திறந்து சலாபம் நடத்தினர். முற்றாவிட்டால் ஆண்டுக்கணக்கில் திறப்பில்லை. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துச் சலாபமே நடக்கவில்லை. திறக்கும் காலத்தைக் கணிக்கும் அறிவு அன்றே இருந்தது. பங்கிடும் நீதி இருந்ததா? வெள்ளையர் ஆட்சியில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாக்குவர். இரண்டு குவியல் துரைத்தனத்துக்கு. மூச்சடக்கி மூழ்கியவனும் தோணிக்காரனும் எஞ்சிய ஒரு குவியலைப் பகிர்ந்துகொள்ளவேண்டும். பாரைப் பூட்டித் திறக்கும் சாவி யாரிடம் என்பது ஒரு கேள்வி; திறந்தபின் குவியல் யாருக்கு என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல விடை சொன்னதனாலேயே இரண்டாம் கேள்விக்கும் விடை சொல்லிவிட்டதாக எண்ணி ஏமாறக்கூடாது.

சான்று வேண்டுமா? அதே ஜார்ஜஸ் பாங்கிலேயே இருக்கிறது. 1984-ல் பன்னாட்டு நீதிமன்றம் அந்தக் கடல்மேட்டின் குறுக்கே கோடு கிழித்து, ஒரு பகுதியைக் கனடாவுக்கும் மறுபகுதியை அமெரிக்காவுக்கும் கொடுத்தது. கனடா தன் ஆழ்கடல் சிப்பிப் பங்கை 1986-ல் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. கம்பெனிகள் என்ன செய்யும்? நாலு கப்பல் செய்யும் வேலையை ஒரு கப்பல் செய்தால் போதும் என்றன. கப்பல்கள் குறைந்தன, சில கம்பெனிகளின் கையில் பங்கு நின்றது. சிப்பி அழிந்ததா? இல்லை. அங்கும் செழித்தது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் செழித்தது, அந்தப் பக்கமும் செழித்தது. தன்னைப் பிடிக்கும் உரிமை கம்பெனியிடமா, கப்பல்காரனிடமா என்பது சிப்பிக்குத் தெரியாது. அதற்குத் தேவை, அளவோடு பிடிப்பது ஒன்றே. வேறுபாடு கடலுக்குள்ளே இல்லை, கரையிலே இருக்கிறது. துறைமுகத்திலே எத்தனைக் கப்பல், எத்தனைப் பேருக்கு வேலை, எத்தனை வீட்டில் அடுப்பு, அதிலே இருக்கிறது.

அமெரிக்கா அந்த வழியில் முழுதும் போகவில்லை. உரிமம் பெற்ற பெருங்கப்பல்கள் சுமார் 350. அவற்றில் 5 விழுக்காட்டுக்கு மேல் எந்த ஒருவரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1994-லேயே விதி வைத்தது. ஆக, ஒருவருக்கு ஏறத்தாழ 17 கப்பல்தான். ஒரு கப்பலின் நாளை இன்னொரு கப்பல் பயன்படுத்த முடியாது. உரிமம் கப்பலோடு ஒட்டியது. சின்னப் படகுகளுக்கென்று மொத்தத்தில் சுமார் 5 விழுக்காட்டை ஒதுக்கியும் வைத்தது. இந்த வேலிகள்தாம் இன்றுவரை அந்தத் துறைமுகத்தில் கப்பலையும் கப்பலாளியையும் நிறுத்தி வைத்திருக்கின்றன.

இந்த வேலியைத்தான் 2022-ல் அசைத்துப் பார்த்தார்கள். பல கப்பல் வைத்திருக்கும் உரிமையாளர்கள் சிலர் கேட்டனர்: "எங்கள் கப்பல் ஆண்டின் பெரும்பகுதி துறைமுகத்தில் சும்மா கிடக்கிறது. கிடக்கும் கப்பலுக்கும் காப்பீடு, பழுது பார்க்கும் செலவு. ஒரு கப்பலின் பங்கை இன்னொரு கப்பலுக்குக் குத்தகைக்கு விட அனுமதியுங்கள். ஒரே கப்பல் இரண்டு பங்கையும் பிடித்துவிடும். செலவு மிச்சம், எண்ணெய் மிச்சம்."

வாதத்தில் உண்மை இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். கப்பல் சும்மா கிடப்பது உண்மை. செலவு ஆவதும் உண்மை. ஆனால் ஒரே கப்பல் இரண்டு பங்கையும் பிடித்தால், இரண்டாம் கப்பலின் ஏழு பேர் எங்கே போவர்? செலவு மிச்சம் என்கிறீர்களே, அந்த மிச்சம் என்பது யார்? அந்த ஏழு பேர்தானே! இரும்புக்கு ஓய்வு கொடுப்பதாகச் சொல்லி மனிதனுக்கு ஓய்வு கொடுப்பதா? கப்பலைத் துருப்பிடிக்க விடாதே என்று கதறுபவர்கள், குடும்பம் துருப்பிடிப்பதைப் பற்றி ஏன் பேசவில்லை?

இன்னும் ஒன்று. அங்கே கப்பல் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் இல்லை, பங்கு முறை. விற்ற பணத்தில் செலவு போக, கப்பலுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. சிப்பி நல்ல விலைக்குப் போகும் காலத்தில் அந்தப் பங்கு நல்ல கூலியாகவே இருந்தது. அதை மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் குத்தகை புகுந்தால், குத்தகைப் பணமும் 'செலவு' ஆகிவிடும். கடலுக்கே போகாதவன், கரையில் நாற்காலியில் அமர்ந்து, தன் பங்கை வாடகைக்கு விட்டு வாங்கும் பணம், அறுப்பவனின் கூலியிலிருந்து கழியும். உழுதவன் ஒருவன், உழாமலே வாரம் வாங்குபவன் ஒருவன். நிலத்திலே இந்தக் காட்சியைக் கண்டு கொதித்தவர்கள் நாம். கடலிலே கண்டால் மட்டும் களிப்போமா?

வெறும் அச்சமா இது? இல்லை. பக்கத்திலேயே பாடம் இருந்தது. காட் முதலிய மீன்களைப் பிடிக்கும் தொழிலில் 2010 முதல் பங்கை எடையாகப் பிரித்து, கைமாற்றவும் குத்தகைக்கு விடவும் வழி செய்தனர். நியூ பெட்போர்டிலேயே கார்லோஸ் ரஃபேல் என்பவர் கப்பலுக்குமேல் கப்பல் சேர்த்தார். காட் மீனின் காட்ஃபாதர் என்றே அவருக்குப் பெயர். பிடித்த மீனை வேறு மீன் என்று பொய்க்கணக்கு எழுதி, வரி ஏய்த்துப் பிடிபட்டு, 2017-ல் 46 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய மீன்பிடிக் கப்பல்களில் பலவற்றை 2020-ல் ப்ளூ ஹார்வெஸ்ட் என்ற கம்பெனி வாங்கியது. பின்னால் நின்றது முதலீட்டு நிறுவனத்தின் பணம். கடலைத் தெரியாத பணம். லாபத்தை மட்டும் தெரிந்த பணம். 2023-ல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. பணம் வந்த வழியே போய்விடும். துறைமுகத்துத் தொழிலாளி எங்கே போவான்?

இந்தப் பாடத்தைக் கண்ணால் கண்டவர்கள் ஆகையால்தான், குத்தகைத் திட்டம் என்றதும் கேப்டன்களும் கப்பலாளிகளும் கூட்டம் கூட்டமாக எழுந்து எதிர்ப்புக் கூறினர். சொந்தமாக ஒன்றிரண்டு கப்பல் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களும் சேர்ந்துகொண்டனர். 2022 செப்டம்பரில், நியூ இங்கிலாந்து மீன்வள மேலாண்மை மன்றம் குத்தகைத் திட்டத்தை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. மாளிகை கேட்டது, மக்கள் மறுத்தனர், மன்றம் பின்வாங்கிற்று. வெற்றிதான், வாழ்த்துகிறோம்! ஆனால் ஒருமுறை தட்டிய கை மறுமுறை தட்டாது என்பதற்கு உறுதி எது?

உறுதி இல்லை என்பதற்குக் காரணமும் கடலிலேயே இருக்கிறது. 2019-ல் கரைசேர்ந்த தசை சுமார் 6 கோடி ராத்தல். அதற்குப் பின் ஆண்டுக்கு ஆண்டு சரிவு. 2023-ல் அதில் பாதிகூட இல்லை. ஏன்? வரம்பு தவறியதா? இல்லை. ஒரு சில ஆண்டுகளில் பிறந்த பெருந்தலைமுறை பிடிபட்டு முடிந்தது. அதற்கு ஈடான புதுத் தலைமுறை பிறக்கவில்லை. தெற்குப் பகுதியில் கடல்நீர் சூடேறுகிறது. குளிர்நீரில் வாழும் சிப்பி வாடுகிறது. யானைத் துதிக்கைப் பரப்பிலும் சிப்பிகள் மடிந்தன. பூட்டு இருப்பதைக் காக்கும், இல்லாததைப் பிறப்பிக்காது. அளவோடு பிடித்தும் அளவு குறைகிறது என்றால், குறையை யார் சுமப்பது என்ற வழக்கு மீண்டும் எழும். நாள் குறையும்; கப்பல் இன்னும் சும்மா கிடக்கும்; குத்தகை வேண்டும் என்ற குரல் இன்னும் ஓங்கும். வறட்சி வரும்போதுதான் வட்டிக்காரனுக்கு வாசல் திறக்கிறது.

ஆகவே நாம் சொல்வது இது. பிடி வரம்பு வேண்டும். அதை எதிர்ப்பவன் தொழிலாளியின் நண்பனல்லன், தொழிலாளியின் பிள்ளை தின்னவேண்டிய சோற்றை இன்றே தின்னச் சொல்பவன். சுழற்சி வேண்டும், பொறுத்தவன் பெற்றான் என்பதை 1998-ஆம் ஆண்டின் 14 மடங்கு மெய்ப்பித்துவிட்டது. ஆனால் கடலுக்குப் பிடி வரம்பு இருப்பதுபோல, கைக்குள் குவிப்பதற்கும் பிடி வரம்பு இருக்கவேண்டும். 5 விழுக்காடு என்ற வேலி தளரக்கூடாது. ஏழு கைக்கு உரிய வேலையைக் குத்தகை என்ற பெயரில் பறிக்கக்கூடாது.

இன்னொன்றும் கேட்கிறோம். அந்த மீன்வள மன்றத்தில் வாக்குரிமை உள்ள இருக்கைகள் 18. மத்திய அரசின் அலுவலருக்கு ஒன்று. ஐந்து மாநிலங்களின் மீன்வளத் தலைமை அலுவலர்க்கு ஐந்து. நியமனம் பெறுவோர்க்குப் பன்னிரண்டு. கப்பலாளிக்கென்று சட்டத்தில் ஓர் இருக்கையாவது ஒதுக்கியிருக்கிறார்களா? இல்லை! எந்தக் கையை வேலியாக வைத்துக் கடலைக் காக்கிறார்களோ, அந்தக் கைக்கு மன்றத்தில் உயர இடமில்லை! மூன்று நிமிடம் எழுந்து பேசிவிட்டுப் போகலாம். முடிவெடுக்கும் மேசையில் அமரமுடியாது. இது முறையா? அறுக்கத் தெரிந்த கைக்கு வாக்களிக்கத் தெரியாதா?

தோழர்களே! நாளை நம் கரையிலும் கடலைக் காக்கிறோம் என்று திட்டம் வரும், வரவேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றனவே, அதுவும் மீன் பெருகட்டும் என்று போட்ட பூட்டுத்தான். பூட்டை எதிர்க்காதீர்கள். பூட்டு போடும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: பூட்டிய நாளில் பட்டினி யாருக்கு? திறந்த நாளில் குவியல் யாருக்கு?

சிப்பி ஐந்து வயதில் நாலு பங்காகிறது. பொறுத்தது தொழிலாளி. பெருகிய மூன்று பங்கு அவனுக்கும் சேரவேண்டும். அந்த வரம்பையும் சட்டப் புத்தகத்தில் எழுதும் நாள்தான் கடல் உண்மையிலேயே திறக்கும் நாள்!